அரக்கன் ஏன் காத்திருக்கிறான்?

பாழடைந்த கோட்டை. உள்ளே நீண்ட கூடங்கள், உடைந்த தூண்கள், காற்றில் நடுங்கும் மெழுகுவர்த்திகள். கையில் சாட்டையுடன் ஒரு வீரன் நெடும்படிகளில் ஏறிக் கடைசி அறைக்குள் நுழைகிறான். திடீரென்று மேலங்கி அணிந்த ஓர் உருவம் அவன் எதிரில் தோன்றுகிறது, மேலங்கியை விரிக்கிறது. மூன்று தீப்பந்துகள் பறந்து வருகின்றன. வீரன் விழுகிறான். ஆட்டம் முடிந்தது.

விசைப்பலகையைக் கையில் வைத்திருக்கும் மாணவன் மறுபடி தொடங்குகிறான், மறுபடி தோற்கிறான். ஏழு முறை இப்படியே. எட்டாவது முறை அதே அரக்கன் தோன்றுகிறான். அதே மேலங்கி விரிகிறது. ஆனால் இம்முறை வீரன் சரியான கணத்தில் தாவுகிறான், சாட்டையைச் சுழற்றுகிறான். சிறிது நேரத்தில் அரக்கன் வீழ்கிறான்!

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஏழாவது ஆட்டத்துக்கும் எட்டாவது ஆட்டத்துக்கும் இடையே மாறியது எது? அரக்கன் மாறவில்லை. அவனை இயக்கும் புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வீரனின் சாட்டையும் நீளவில்லை. மாறியது ஆடியவனின் மூளைக்குள் இருந்த ஏதோ ஒன்றுதான். அது என்ன என்பதையும், அது மாறுவதற்கு அரக்கனே எப்படி உதவினான் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

கோட்டை எங்கிருந்து வந்தது?

மேலே சொன்ன விளையாட்டின் பெயர் 'கேசில்வேனியா'. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1986-ஆம் ஆண்டு செப்டம்பரில் இதை வெளியிட்டது. நின்டெண்டோ நிறுவனத்தின் 'பேமிகாம்' என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து இதை ஆடினார்கள். அடுத்த ஆண்டு இது அமெரிக்காவுக்குச் சென்றது. வீரனின் பெயர் சைமன் பெல்மாண்ட். விளையாட்டில் ஆறு பகுதிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் வழிமறித்து நிற்கும் பெரிய எதிரி ஒன்று. இப்படிப்பட்ட எதிரியை விளையாடுவோர் 'பாஸ்' என்பார்கள். நாம் 'தலைமை அரக்கன்' என்று வைத்துக்கொள்வோம். முதலில் பெரிய வௌவால். அடுத்து மெடூசாவின் தலை. பிறகு இரண்டு மம்மிகள். பிராங்கன்ஸ்டைனின் படைப்பான மனித உருவம். எலும்புருவில் வரும் மரணம். இறுதியில் டிராகுலா பிரபு.

இந்த அரக்கர்கள் கணிப்பொறிக்குப் பிறந்தவர்கள் அல்லர். பழைய கோட்டை, இருள், சாபம், அச்சம் இவற்றை வைத்து எழுதப்படும் ஐரோப்பியக் கதைகளுக்குக் 'கோதிக்' கதைகள் என்று பெயர். இடைக்காலத்துக் கூர்வளைவுக் கட்டடங்களின் பெயரே கதைகளுக்கும் வந்தது. 1764-இல் ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலேயர் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' இவ்வகையின் முதல் நாவலாகக் கருதப்படுகிறது.

நம் கதையில் வரும் இரண்டு அரக்கர்களுக்கு ஓர் எரிமலையோடும் தொடர்பு உண்டு! 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது வானில் உயரத் தூவிய கந்தகத் துகள்கள் உலகைச் சுற்றிப் பரவிச் சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்தன. அடுத்த ஆண்டில் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை; குளிரும் மழையுமாகக் கழிந்தது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டில் மழையால் அடைபட்ட நண்பர்கள் சிலர், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவு செய்தார்கள். அவர்களுள் 18 வயதுப் பெண் ஒருத்தி தொடங்கிய கதைதான் 1818-இல் வெளியான 'பிராங்கன்ஸ்டைன்'. அவர்தான் மேரி ஷெல்லி. அதே வீட்டில் இருந்த மருத்துவர் பொலிடோரி எழுதிய இரத்தக்காட்டேரிக் கதை 1819-இல் வந்தது. அந்த வழியில்தான் 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' பிறந்தான். 1931-இல் இருவரும் ஹாலிவுட் படங்களில் தோன்றினார்கள். 1986-இல் ஒரே கோட்டையில் குடியேறினார்கள்.

கதைப் புத்தகத்தின் அரக்கன் எழுதியபடி நடப்பான். திரைப்படத்தின் அரக்கன் எடுத்தபடி நடப்பான். விளையாட்டின் அரக்கனோ நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்து நடக்க வேண்டும். அதற்கு அவனுக்கு ஒரு மூளை தேவை.

நாலைந்து பைட் மூளை

பேமிகாமின் உள்ளே இருந்த நுண்செயலி, 1975-இல் வெளிவந்த 6502 என்னும் புகழ்பெற்ற சில்லின் வழிவந்தது. அதன் கடிகாரம் வினாடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் முறை துடிக்கும். கேட்கப் பெரிதாக இருக்கிறது அல்லவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுவதால் அசைவு தோன்றுகிறது. இக்கருவி தொலைக்காட்சிக்கு வினாடிக்கு 60 படங்கள் அனுப்புகிறது. ஒவ்வொரு படத்துக்கும் 'பிரேம்' என்று பெயர். 17,90,000-ஐ 60-ஆல் வகுத்தால், ஒரு பிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 29,800 துடிப்புகள். ஒரு கட்டளையை நிறைவேற்ற 2 முதல் 7 துடிப்புகள் வேண்டும். ஆக, ஒரு பிரேமுக்குள் பத்தாயிரம் கட்டளைகளைக்கூட எட்டுவது கடினம். அதற்குள் விசைப்பலகையைப் படிக்க வேண்டும். வீரனை நகர்த்த வேண்டும். எதிரிகளை நகர்த்த வேண்டும். யார் யாரைத் தொட்டார்கள் என்று பார்க்க வேண்டும். இசையையும் வாசிக்க வேண்டும். அந்த நுண்செயலிக்குப் பெருக்கல் கட்டளையே கிடையாது. கூட்டலும் கழித்தலும்தான் தெரியும்!

நினைவகமும் அப்படியே. கணக்குகளை எழுதிவைக்கக் கருவியில் இருந்த இடம் வெறும் 2,048 பைட். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணை வைக்கலாம். ஆகவே ஓர் அரக்கனைப் பற்றி இயந்திரம் நினைவில் வைத்துக்கொள்வது மிகக் கொஞ்சம்: திரையில் அவன் இடமிருந்து எத்தனையாவது புள்ளியில் இருக்கிறான்? மேலிருந்து எத்தனையாவது புள்ளி? எஞ்சிய உயிர் எவ்வளவு? இப்போது எந்த நிலையில் இருக்கிறான்? அந்த நிலை முடிய இன்னும் எத்தனை பிரேம்? இப்படி நாலைந்து எண்களில் அரக்கன் அடங்கிவிடுகிறான். நம்மை நடுங்கவைப்பது இவ்வளவுதான்!

நிலையும் நிபந்தனையும்

இவற்றுள் 'எந்த நிலையில் இருக்கிறான்' என்னும் எண்ணே முக்கியமானது. கணிப்பொறி அறிவியலில் இம்முறைக்கு 'வரம்புள்ள நிலைப் பொறி' என்று பெயர். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். தெருவிலுள்ள போக்குவரத்து விளக்கு அப்படிப்பட்ட ஒன்றுதான். அதற்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றே நிலைகள். ஒரு நேரத்தில் ஒரு நிலையில்தான் இருக்கும். குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் அடுத்த நிலைக்குப் போகும்.

டிராகுலாவின் முதல் உருவத்தையும் இப்படியே எழுதிவிடலாம்:

நிலை 1: மறைந்திரு. நேரம் முடிந்ததும் நிலை 2-க்குச் செல்.
நிலை 2: ஓரிடத்தில் தோன்று. பிறகு நிலை 3.
நிலை 3: மேலங்கியை விரி. பிறகு நிலை 4.
நிலை 4: மூன்று தீப்பந்துகளை எறி. பிறகு நிலை 5.
நிலை 5: மறை. மீண்டும் நிலை 1.

இவற்றோடு ஒரு நிபந்தனையும் உண்டு: 'உயிர் தீர்ந்தால் இரண்டாம் உருவத்துக்கு மாறு.' அப்போது டிராகுலா தாவிக் குதிக்கும் பெரிய விலங்காகிறான். அதற்கென்று தனி நிலைகள் உண்டு. மற்ற அரக்கர்களும் இவ்வாறே. மரணத்தின் அறையில் சிறு அரிவாள்கள் காற்றில் தோன்றும். தோன்றிய இடத்திலேயே சற்றுச் சுழலும். பிறகுதான் வீரனை நோக்கிப் பறக்கும். தோன்று, சுழல், பற: மூன்று நிலைகள்.

மேலேயுள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். நிலை 3 எதற்காக? எறிவதற்கு முன் மேலங்கியை ஏன் விரிக்க வேண்டும்? தோன்றியவுடனே எறிந்தால் வெற்றி அவனுக்கல்லவா? அரிவாள்கள் ஏன் சுழன்றுகொண்டு நிற்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை அரக்கனிடம் இல்லை. நம் உடலில் இருக்கிறது.

ஓர் அளவுகோல் சோதனை

30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் அதன் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழ்முனையில் பூச்சியக் குறிக்கு நேராக உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் வைத்திருங்கள். நண்பர் சொல்லாமல் கோலை விட்டுவிடுவார். விழுவதைக் கண்டதும் பிடியுங்கள். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தீர்கள்?

தடையின்றி விழும் பொருள் கடக்கும் தொலைவு, புவியீர்ப்பு முடுக்கத்தையும் காலத்தின் இருமடியையும் பெருக்கியதில் பாதி என்று இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். இதன்படி 15 சென்டிமீட்டருக்கு 0.17 வினாடி, 20-க்கு 0.20 வினாடி, 30-க்கு 0.25 வினாடி. பெரும்பாலோர் இந்த எல்லைகளுக்குள்தான் இருப்பார்கள். ஒளி விழித்திரையில் பட வேண்டும்; நரம்பு வழியாகச் செய்தி மூளைக்குப் போக வேண்டும்; மூளை முடிவு செய்து தசைக்கு ஆணையிட வேண்டும். இதற்கான நேரமே 'எதிர்வினை நேரம்'.

இதைப் பிரேம்களாக மாற்றுவோம். 0.20 வினாடி என்பது 12 பிரேம், 0.25 வினாடி என்பது 15 பிரேம். அதாவது ஒன்றைக் கண்டு ஒரு விசையை அழுத்துவதற்குள் இயந்திரம் 12 முதல் 15 முறை உலகை மாற்றி வரைந்துவிடுகிறது. இதுவும் ஒரே ஒரு செயலுக்கான நேரம்தான். தாவுவதா, குனிவதா, அடிப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் நேரம் இன்னும் கூடும். 1868-இல் டான்டர்ஸ் என்னும் டச்சு அறிஞர் இதை அளந்து காட்டினார். 1952-இல் ஹிக் என்னும் ஆங்கில அறிஞர், தெரிவுகள் பெருகப் பெருக நேரம் எப்படி நீளுகிறது என்பதற்கு ஒரு விதியே கண்டார்.

இயந்திரத்துக்கு இந்தத் தாமதம் இல்லை. ஒவ்வொரு பிரேமிலும் உங்கள் விசைப்பலகையை அது படிக்கிறது. நீங்கள் தாவும் விசையை அழுத்தியதை 1/60 வினாடிக்குள் அறிந்துவிடும். 'வீரன் தாவினால், அவன் இறங்கும் இடத்தில் தீப்பந்தை எறி' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். உலகில் எந்த ஆட்டக்காரராலும் டிராகுலாவை வெல்ல முடியாது. வெல்ல முடியாத அரக்கனைப் படைப்பது மிக எளிது. வெல்லக்கூடியவனாகவும் அதே சமயம் அச்சமூட்டுபவனாகவும் படைப்பதே கடினம்.

ஆகவேதான் விளையாட்டை அமைப்பவர் அரக்கனின் கைகளைக் கட்டிப்போடுகிறார். 'அடிக்குமுன் மேலங்கியை விரி. விரித்தபின் சற்றுப் பொறு' என்கிறார். இந்தப் பொறுத்திருக்கும் நேரம் நம் எதிர்வினை நேரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நம்மைவிடப் பல மடங்கு வேகமான ஓர் இயந்திரம், நம் நரம்புகள் வந்து சேரும்வரை காத்திருக்கிறது!

தீப்பந்தின் வேகத்துக்கும் இதே கணக்குதான். அரக்கனுக்கும் வீரனுக்கும் இடையே 96 புள்ளி தொலைவு என்று வைத்துக்கொள்வோம். பந்து பிரேமுக்கு 8 புள்ளி நகர்ந்தால் 12 பிரேமில், அதாவது 0.20 வினாடியில் வந்துவிடும். கண்டபின் தப்ப வழியில்லை. பிரேமுக்கு 2 புள்ளி என்றால் 48 பிரேம், 0.80 வினாடி. பார்க்கலாம், எண்ணலாம், தாவலாம். இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில்தான் நெஞ்சு படபடக்கும் அந்த ஆட்டம் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே அமைப்பாளரின் வேலை.

அலையும் வளைவும்

கேசில்வேனியாவில் காத்திருக்க வேண்டியவன் அரக்கன் மட்டும் அல்லன். சைமனின் சாட்டை விசையை அழுத்தியவுடன் நீளாது; முதலில் பின்னுக்குப் போய் அதன் பிறகே முன்னால் வீசும். அவன் தாவிவிட்டால் நடுவானில் திசையை மாற்றவும் முடியாது. எடுத்த முடிவுக்கு அவன் கட்டுப்பட்டவன். ஆகவே இந்த ஆட்டத்தில் வேகமான விரல்களைவிட முன்கூட்டி எண்ணும் மூளையே பயன்படும்.

தாவல் எப்படி நிகழ்கிறது? எளிய எண்களால் காண்போம். முதல் பிரேமில் 5 புள்ளி மேலே, அடுத்ததில் 4, பிறகு 3, 2, 1, 0, அதன்பின் கீழே 1, 2, 3, 4, 5. இவற்றைக் கூட்டிக்கொண்டே வந்தால் தரையிலிருந்து உயரம் 5, 9, 12, 14, 15, 15, 14, 12, 9, 5, 0 என்று வரும். வரைபடத்தாளில் குறித்து இணையுங்கள். எறிந்த பந்து செல்லும் பரவளைவு கிடைக்கும்! பெருக்கலே தெரியாத சில்லு, ஒவ்வொரு முறையும் வேகத்தில் ஒன்றைக் கழித்துக் கழித்தே புவியீர்ப்பைப் போலச் செய்துவிடுகிறது.

இதற்கு எதிராக வருபவை மெடூசாவின் சிறு தலைகள். மரணத்தின் அறைக்கு முந்தைய கூடத்தில் இவை ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து வரும். நேராக வராமல், ஏறியும் இறங்கியும் அலைபோல் வரும். நீங்கள் முக்கோணவியலில் வரைந்த சைன் வளைவை ஒத்த பாதை அது. வீரனின் பாதை பரவளைவு. தலையின் பாதை அலை. இரண்டும் ஒரே கணத்தில் ஒரே புள்ளியில் சந்தித்தால் அடி. தலை அலையின் உச்சியில் இருக்கும்போது அடியில் நுழைந்து போகலாம். பள்ளத்தில் இருக்கும்போது தாண்டலாம். போதாதென்று, அதே கூடத்தில் கோடரி எறியும் கவச வீரர்களும் நிற்கிறார்கள். பலரை அழவைத்த கூடம் அது. ஆனால் அலையின் நீளம் மாறுவதில்லை என்பதைக் கண்டுகொண்டவர்கள் அதைக் கடந்துவிடுகிறார்கள்.

தொட்டதா, தொடவில்லையா?

சாட்டை அரக்கன்மேல் பட்டதா என்பதை இயந்திரம் எப்படி அறிகிறது? அதற்குக் கண் கிடையாது. ஒவ்வோர் உருவத்தையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகம் இருப்பதாக அது கொள்கிறது. இரண்டு செவ்வகங்கள் ஒன்றையொன்று மூடுகின்றனவா என்று நான்கே கேள்விகள் கேட்கிறது. முதலாவதன் இடது விளிம்பு இரண்டாவதன் வலது விளிம்புக்கு இடப்பக்கம் உள்ளதா? இரண்டாவதன் இடது விளிம்பு முதலாவதன் வலது விளிம்புக்கு இடப்பக்கம் உள்ளதா? இதேபோல் மேல், கீழ் விளிம்புகளுக்கு இரண்டு கேள்விகள். நான்குக்கும் 'ஆம்' என்றால் அடி பட்டது. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் படவில்லை.

டிராகுலாவின் முதல் உருவத்தில் அடி படக்கூடிய செவ்வகம் தலைக்கு மட்டுமே. மார்பில் எத்தனை முறை அடித்தாலும் பயனில்லை. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. அடித்துப் பார்த்து, உயிர்க்கோடு குறையாததைக் கண்டு, 'வேறெங்கோ அடிக்க வேண்டும்' என்று ஆடுபவரே முடிவுக்கு வருகிறார்.

இங்கே ஒரு வேடிக்கையான இடர்ப்பாடும் உண்டு. சைமனின் உயிர் 16 கோடுகளாகக் காட்டப்படும். ஓர் அடிக்கு 2 கோடு குறைவதாகக் கொள்வோம். இயந்திரம் வினாடிக்கு 60 முறை 'தொட்டதா' என்று கேட்கிறது. அரக்கன் வீரன்மேல் மோதி நின்றால், 8 பிரேமில் 16 கோடுகளும் தீர்ந்துவிடும். அது 0.13 வினாடி. நாம் வலியை உணருமுன்பே மரணம்! ஆகவே அடிபட்டதும் சிறிது நேரம் வேறெந்த அடியும் வீரனைத் தாக்காது என்று ஒரு விதி வைத்தார்கள். அப்போது வீரன் உருவம் மின்னிமின்னித் தெரியும். இதுவும் ஒரு காத்திருப்புதான்.

தற்செயல் என்னும் மாயம்

எல்லாமே ஒழுங்காக நடந்தால் அரக்கன் போக்குவரத்து விளக்காகிவிடுவான். அச்சம் போய்விடும். ஆகவே டிராகுலா தோன்றும் இடம் போன்ற சிலவற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கணிப்பொறியால் பகடை உருட்ட முடியுமா? சொன்னதை மட்டும் செய்யும் பொறிக்குத் தற்செயல் ஏது? அதனால் தற்செயல் போலத் தோன்றும் எண்களை ஒரு விதியால் உண்டாக்குகிறார்கள். இவை 'போலித் தற்செயல் எண்கள்'.

நாமே செய்யலாம். விதி இது: முந்தைய எண்ணை 5-ஆல் பெருக்கு, 3-ஐக் கூட்டு, 16-ஆல் வகுத்து மீதியை எடு. பூச்சியத்தில் தொடங்குங்கள். 0, 3, 2, 13, 4, 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9 என்று வந்து மீண்டும் 0. பதினாறு எண்களும் ஒரு முறை வந்துவிட்டன. வரிசை குழப்பமாகவே தோன்றுகிறது.

'எண் இரட்டையானால் வலப்பக்கம் தோன்று, ஒற்றையானால் இடப்பக்கம் தோன்று' என்று அரக்கனுக்குச் சொல்வோம். வரிசையைக் கூர்ந்து பாருங்கள். இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை! அரக்கன் வலம், இடம், வலம், இடம் என்று கடிகார ஊசல்போல் ஆடுவான். இரண்டு நிமிடத்தில் ஆட்டக்காரர் கண்டுபிடித்துவிடுவார். மாறாக, 'எண் 8 அல்லது அதற்கு மேலானால் வலம், குறைந்தால் இடம்' என்று சொல்லிப் பாருங்கள்: இடம், இடம், இடம், வலம், இடம், இடம், இடம், இடம், வலம், வலம், வலம், இடம்... இப்போது கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதன்று. எண்கள் அதே எண்கள்தாம். பயன்படுத்திய முறைதான் வேறு.

நல்ல அமைப்பாளர் எதை ஒழுங்காக விடுகிறார், எதைக் கலைக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. அரக்கன் எங்கே தோன்றுவான் என்பது கலைந்திருக்கலாம். ஆனால் அடிக்குமுன் மேலங்கி விரியும் என்பது ஒருநாளும் பொய்க்காது. அது பொய்த்தால் ஆடுபவர் கற்க ஒன்றுமே இல்லை. ஏழு தோல்விகளும் வீண்.

இன்றைய அரக்கர்கள்

கருவிகள் இப்போது எவ்வளவோ வளர்ந்துவிட்டன. ஜப்பானின் பிரம்சாப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி 2015-இல் வெளிவந்த 'பிளட்போர்ன்' என்னும் விளையாட்டு, கூரிய கோபுரங்களும் இருண்ட சந்துகளும் நிறைந்த ஒரு கோதிக் நகரில் நடக்கிறது. அதில் காஸ்காயின் என்னும் வேட்டைக்காரப் பாதிரியார் முதலில் மனிதராகவே கோடரி ஏந்திப் போரிடுவார். உயிர் குறைந்ததும் வெறிகொண்ட விலங்காக மாறிவிடுவார். அவர் மகளிடமிருந்து கிடைக்கும் சிறிய இசைப்பெட்டியை இயக்கினால் தலையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிடுவார். கதை உருக்கமானது. உள்ளே இருப்பதோ நாம் பார்த்தவைதாம்: நிலைகள், 'உயிர் குறைந்தால் மாறு' என்னும் நிபந்தனை, அடிக்குமுன் ஓங்கும் கை. 1986-இன் டிராகுலாவும் 2015-இன் காஸ்காயினும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். ஏனெனில் இடையில் இயந்திரம் மாறியதே தவிர, மனிதனின் எதிர்வினை நேரம் மாறவில்லை.

எட்டாவது ஆட்டத்தில் நடந்தது என்ன?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். முதல் ஆட்டத்தில் மாணவன் கண்டது ஓர் அரக்கனை. மூன்றாவதில், 'எறியுமுன் மேலங்கி விரிகிறது' என்று கவனித்தான். நான்காவதில், 'விரிந்ததும் தாவினால் தப்பலாமோ?' என்று ஊகித்தான். ஐந்தாவதில் தாவிப் பார்த்தான், கொஞ்சம் முந்திவிட்டது. ஆறாவதில் மார்பில் அடித்தான்; பயனில்லை. ஏழாவதில் தலையில் அடித்தான். ஒரு கோடு குறைந்தது. எட்டாவதில் அவன் முன் நின்றது அரக்கன் அல்ல. ஐந்து நிலைகளைக் கொண்ட ஒரு பட்டியல். கவனித்தல், ஊகித்தல், சோதித்தல், தவறைத் திருத்தல் என்று ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதையே அவன் கோட்டைக்குள் செய்திருக்கிறான். அச்சம் போனது துணிச்சலால் அன்று, புரிந்துகொண்டதால்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. விளையாட்டின் அரக்கன் நாம் வெல்ல வேண்டும் என்றே படைக்கப்பட்டவன், நமக்காகக் காத்திருப்பவன். புயலும் நோய்க்கிருமியும் அப்படியல்ல. அவை யாருக்காகவும் கையை ஓங்கிக் காட்டுவதில்லை. தம்போரா வெடித்தபோது, மறு ஆண்டின் மழைக்குக் காரணம் அதுதான் என்று அந்த ஏரிக்கரை நண்பர்களுக்குத் தெரியாது. ஆயினும் அங்கேயும் விதிகள் இருந்தன. பிற்காலத்தார் பொறுமையாகத் தேடிக் கண்டார்கள். இயற்கை நமக்காகக் காத்திருப்பதில்லை. அதனால்தான் அதைக் கவனிப்பதில் நாம் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டியிருக்கிறது.

செய்து பாருங்கள்

உங்கள் நண்பர் 'அரக்கன்'. அவர் நான்கு நிலைகள் கொண்ட ஒரு பட்டியலை இரகசியமாக எழுதிக்கொள்ளட்டும். எடுத்துக்காட்டாக: வலக்கை தூக்கு, கண் சிமிட்டு, இடக்கை தூக்கு, தாக்கு. ஒவ்வொரு சுற்றிலும் அவர் ஒரு நிலையை நடித்துக் காட்டுவார். அதற்கு முன்பே நீங்கள் 'தாக்கும்', 'தாக்காது' என்று ஏதேனும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எத்தனை சுற்றுகளுக்குப் பின் பிழையின்றிச் சொல்கிறீர்கள்? குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கண் சிமிட்டிய பின் நாணயத்தைச் சுண்டித் தலை விழுந்தால் உடனே தாக்கலாம் என்று பட்டியலை மாற்றுங்கள். இப்போது எத்தனை சுற்று ஆகிறது? கடைசியாக, எல்லாவற்றையும் நாணயத்துக்கே விட்டுவிட்டு ஆடிப் பாருங்கள். மூன்று ஆட்டங்களுள் எது உங்களுக்குச் சலிப்பூட்டியது, எது எரிச்சலூட்டியது, எதை இன்னொரு முறை ஆடத் தோன்றியது என்று நண்பரோடு பேசுங்கள்.